தற்காப்புக்குத் தண்டனையா?

டெக்கென் 8 என்ற காணொளிச் சண்டை ஆட்டத்தின் இரண்டாம் பருவத் திருத்தம் 2025 ஏப்ரல் முதல் தேதி நம் கைக்கு வந்தது. தேதி பொருத்தமாகத்தான் அமைந்தது. அதன் பிறகு ஸ்டீம் தளத்தில் கண்டனங்கள் குவிந்ததும், கொரியாவிலிருந்து பாகிஸ்தான் வரை முன்னணி ஆட்டக்காரர்கள் வாய்விட்டுக் குமுறியதும், ஆட்டத்தைத் தயாரித்தவர்கள் பதறிப்போய் 17ஆம் தேதி ஓர் அவசரத் திருத்தம் வெளியிட்டதும் வாசகர்கள் அறிந்த கதை. அந்த அவசரத் திருத்தத்தைக் காட்டி, ‘அதான் சரி செய்துவிட்டார்களே, இன்னும் என்ன?’ என்று இப்போது சில சமாதானக் குரல்கள் எழுகின்றன. அவற்றை நாம் ஏற்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில அடிகளின் வலுவைக் குறைத்திருக்கிறார்கள். அந்த அடிகளை உள்ளே விட்ட எண்ணம் அப்படியேதான் இருக்கிறது.

திருத்தம் மோசமாக இருந்தது என்பதைவிட, சொன்னதற்கு நேர்மாறாக இருந்தது என்பதே நம் குறை. முதல் பருவம் முழுவதும் போட்டி ஆட்டக்காரர்கள் ஒரே புகாரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: தாக்குபவனுக்கு எல்லாம் கிடைக்கிறது, தடுப்பவனுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. சுற்றுக்கு ஒருமுறை 10 விநாடிக்குக் கிடைக்கும் ‘ஹீட்’ என்ற வலுக்கூடிய நிலையில் ஒருவன் பாய்ந்து வந்தால், அவன் அடியைச் சரியாகத் தடுத்தாலும் உயிர்க்கோடு கரையும். இதைக் கேட்டுக்கொண்டோம், இரண்டாம் பருவத்தில் தற்காப்பை வலுப்படுத்தப் போகிறோம் என்று முன்கூட்டியே அறிவித்தவர்கள் அவர்களேதான். யாரும் அவர்கள் வாயைக் கிண்டி வரவழைத்த வாக்குறுதி அல்ல. வந்தது என்ன? தடுத்தாலும் அடித்தவனுக்கே அடுத்த வாய்ப்பைத் தரும் புதிய அடிகள். பக்கவாட்டில் விலகினாலும் விடாமல் துரத்தும் அடிகள். அவற்றிலிருந்து நேராக ‘நடுவிலா, கீழேயா?’ என்ற காசு சுண்டும் ஊகம். இதன் இழப்பு என்னவென்று ஆடாதவர்களுக்குப் புரிய ஒரு கணக்கு போதும். ஒரு விநாடிக்குத் திரையில் 60 பிரேம் ஓடும். ஆட்டத்தின் மிக வேகமான குத்து 10 பிரேமில், அதாவது விநாடியின் ஆறில் ஒரு பங்கில், போய்ச் சேரும். எதிராளியின் எந்த அடியைத் தடுத்தால் அவன் 10 பிரேம் பின்தங்குவான் என்று தெரிந்தவன் அந்த இடைவெளியில் குத்தைச் செருகுகிறான். முப்பதுக்கு மேற்பட்ட பாத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு மேற்பட்ட அடிகள். இதை மனப்பாடம் செய்வதுதான் படிப்பு. அதற்கு மாதக்கணக்கில் ஆகிறது. ஒரு பாத்திரத்துக்குக் கீழடி சரியில்லை, இன்னொன்றின் இடப்பக்கம் நகர்ந்தால் அதற்குக் கை எட்டாது என்று ஆளுக்கொரு குறை வைத்திருந்ததால்தான் அந்தப் படிப்புக்கு மதிப்பும் இருந்தது. இந்தத் திருத்தம் பல பாத்திரங்களின் குறைகளை நிரப்பிவிட்டது. இப்போது எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி பாய்கிறார்கள், எல்லாரையும் ஒரே மாதிரி ஊகித்துத்தான் தடுக்க வேண்டியிருக்கிறது. கபடியில் பாடி வருபவனின் காலைப் பிடிப்பது செல்லாது என்று அறிவித்துவிட்டு, ‘பிடிப்பவர்களுக்குச் சாதகமாக விதியை மாற்றியிருக்கிறோம்’ என்று சொன்னால் திடலில் எவன் நிற்பான்?

மலாக்காவில் உட்கார்ந்துகொண்டு இதற்கு ஏன் தலையங்கம் என்று கேட்கலாம். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டத்துப் பையனுக்கு ஆதரவாளர் கிடையாது, பயிற்றுநர் கிடையாது, வெளிநாட்டுப் போட்டிக்குப் போக விமானச் சீட்டும் கிடையாது. அவனிடம் இருப்பது நேரமும் பொறுமையும்தான். தற்காப்பு அந்த இரண்டையும் மட்டும் கேட்கும் வித்தை. 2019இல் ஜப்பானிய ஈவோ, அமெரிக்க ஈவோ எனும் பெரும் சண்டை ஆட்டப் போட்டிகள் இரண்டையும் ஒரே ஆண்டில் வென்று உலகத்தை வாய்பிளக்க வைத்த அர்ஸ்லான் ஆஷ், யாரும் கணக்கில் வைக்காத லாகூரிலிருந்து கிளம்பியவர். ஆட்டத்தில் படிப்புக்கு இடம் இருந்ததால் அது நடந்தது. ஊகத்துக்கு மட்டுமே இடமுள்ள ஆட்டத்தில் லாகூரும் ஜெயிக்காது, ஜாசினும் ஜெயிக்காது. நூறு போட்டிகளுக்குச் செலவழிக்க முடிந்தவன் என்றாவது ஒருநாள் ஜெயிப்பான். இணையத் தொல்லையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தோட்டத்து வீட்டில், இரண்டு சுவர் தாண்டி வரும் வைஃபையில், திரையில் கால் அசைவதைக் கண்ணால் பார்த்து, கட்டைவிரல் கீழ்ப் பொத்தானை அழுத்துவதற்குள் சில பிரேம்கள் ஏற்கெனவே போய்விட்டிருக்கும். நிதானமாக ஆடும் ஆட்டத்தில் அந்த நட்டத்தைப் புத்தியால் ஈடுகட்டலாம். மூச்சுவிடாமல் பாயும் ஆட்டத்தில் வழியே இல்லை.

‘புதியவர்களும் ரசிக்க வேண்டாமா, போட்டிக்காரர்கள் ஒரு கைப்பிடிதானே’ என்பது அவர்கள் தரப்பில் சொல்லப்படும் வாதம். கைப்பிடிதான், மறுக்கவில்லை. ஆனால் டெக்கென் 7 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டியில் பதக்க ஆட்டமாக 2019இல் மணிலாவில் ஏறியது அந்தக் கைப்பிடியின் உழைப்பால்தான். அந்தப் பெருமையை விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்பவர்கள், குறை சொல்லும்போது மட்டும் ‘நீங்கள் சிறுபான்மை’ என்பது நியாயமில்லை. தவிர, புதியவனுக்கு இந்தத் திருத்தம் என்ன நன்மை செய்தது? எந்த அடி தன்னைக் கொன்றது என்று தெரியாமலே தோற்பவன் மூன்றாம் நாள் கருவியை மூடி வைத்துவிடுவான். ‘மாற்றமே கூடாதா’ என்றும் கேட்கிறார்கள். பூப்பந்தைப் பார்க்கட்டும். 2023இல் சுழல் சர்வீஸ் வந்து, எடுப்பவனால் பந்தைத் தொடவே முடியாமல் போனபோது, உலகச் சம்மேளனம் அதே ஆண்டு மே மாதத்தில் அதற்குத் தடை போட்டது. எதிர்கொள்பவனுக்கும் ஆட்டத்தில் பங்கு உண்டு என்ற சாதாரண அறிவு அங்கே இருக்கிறது.

இங்கே அந்த அறிவு இல்லாமல் போனது இது முதல் முறையும் அல்ல. 2019 டிசம்பரில், முந்தைய ஆட்டத்துக்கு லீராய் ஸ்மித் என்ற பாத்திரத்தைக் காசுக்கு விற்றார்கள். அடுத்த மாதமே நடந்த ஜப்பானிய ஈவோவின் கடைசி எட்டுப் பேரில் ஆறு பேர் கையில் லீராய். கொதித்து அடங்குவதற்குள் ஃபாக்கும்ராம் என்ற இன்னொரு பாத்திரம் வந்தது, அதே கதை. விற்கும்போது வலு, விற்றபின் வெட்டு. இதைத் தற்செயல் என்று நம்ப நாம் தயாரில்லை. அதே காலத்தில்தான் பிரேம் விவரத்தைத் திரையில் காட்டும் வசதியையே தனியாக விலை வைத்து விற்றார்கள். ரசிகர்கள் பல ஆண்டுகளாகத் தாங்களே எண்ணிக் குறித்து இலவசமாகப் பகிர்ந்துவந்த கணக்கு அது! 2024 ஜனவரியில் டெக்கென் 8 வெளியானபோது அதில் கடை இல்லை; மதிப்புரைகள் எல்லாம் வந்து, பாராட்டும் வாங்கிக்கொண்ட பிறகு, ஏறக்குறைய ஒரு மாதத்தில் உள்ளுக்குள்ளே கடை திறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், பருவச் சீட்டுக்கு முன்பணம் கட்டியவர்களிடமே ஒரு சண்டை மேடையைத் தனியாக விற்கப் பார்த்து, கூச்சல் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டார்கள். செய்வது, மாட்டுவது, வருந்துவது. பிறகு மறுபடி செய்வது. இந்த வரிசையில் இப்போதைய அவசரத் திருத்தத்துக்கு என்ன இடம் என்று வாசகர்களே முடிவு செய்யலாம்.

இதில் பணத்தைப் பற்றிப் பேசுவது அற்பத்தனம் என்று நினைப்பவர்கள் நம் ஊர்க் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆட்டத்தின் அமெரிக்க விலை 70 டாலர், நம் பணத்தில் 300 ரிங்கிட் பக்கம். கடைக்காரர் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாலும், குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக இருக்கும் நாட்டில் அது சில நாள் கூலி. அதற்குமேல் பாத்திரம் ஒன்றுக்கு ஒரு விலை, அதற்கு 8 விழுக்காட்டுச் சேவை வரி. இதையெல்லாம் கொடுத்தவனைத்தான் பதினான்கு மாதம் கழித்து, ‘நீ கற்றதை மற, புதிதாகக் கற்றுக்கொள்’ என்கிறார்கள்.

முடிவெடுப்பவர்கள் ஆட்டத்தை ஆடுபவர்களின் கண்ணால் பார்க்க வேண்டும். அறிவிப்பு மேடையில் சொல்வதும் திருத்தத்தில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். அது எந்த வழியில் என்பதை அவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், சம்பளம் அதற்குத்தான். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த பருவச் சீட்டுக்கு முன்பணம் கேட்டு அறிவிப்பு வரும். திருத்தம் கைக்கு வந்து, பத்து ஆட்டம் ஆடிப் பார்க்கும் வரை, அந்தப் பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.