சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை: காது மெஷின் வாங்கும் முன் தட்ட வேண்டிய கதவுகள்

"சத்தம் கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் வெளங்கல." வயதான பெற்றோர் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு புதிதல்ல. தொலைக்காட்சியின் ஒலி நாளுக்கு நாள் கூடும். பேரப்பிள்ளை தொலைபேசியில் அழைத்தால் "அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவார்கள். கல்யாண வீட்டில் ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். பிள்ளைகள் மனம் பொறுக்காமல் இணையத்தில் எண்பது, நூறு வெள்ளிக்கு ஒரு கருவியை வாங்கித் தருகிறார்கள். இரண்டே வாரத்தில் அது அலமாரிக்குள் போய்விடுகிறது. "ஒரே இரைச்சலா இருக்கு" என்கிறார் அப்பா. "வாங்கிக் கொடுத்தாலும் போடமாட்டேங்கிறார்" என்கிறார் மகன். இருவர் சொல்வதும் உண்மைதான்.

வயதாகும்போது காது எல்லா ஒலியையும் ஒரே அளவில் இழப்பதில்லை. உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளே முதலில் மங்குகின்றன. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் பலமாக ஒலிப்பவை. க, ச, ட, த, ப ஆகியவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் கூறுகளோ மிக மெல்லியவை, உயர்ந்த அதிர்வெண்ணில் இருப்பவை. இலக்கணம் இவற்றை வல்லினம் என்கிறது; மூப்படைந்த காதுக்கு முதலில் நழுவிப்போவது இந்த வல்லினம்தான். 'பத்து' என்றால் 'பட்டு' என்று கேட்கிறது. குரல் காதில் விழுகிறது, சொல் விழுவதில்லை.

மலிவாக விற்கும் பெரும்பாலான கருவிகள் வெறும் ஒலிபெருக்கிகள். காற்றாடிச் சத்தம், சட்டிச் சத்தம், மோட்டார் சைக்கிள் சத்தம் எல்லாவற்றையும் சேர்த்தே உயர்த்தும். ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் ஒலியும் கூடுவதால் காது கூசும். முறையான கருவி அப்படி இயங்குவதில்லை. ஆடியோகிராம் எனப்படும் கேள்திறன் வரைபடத்தை வைத்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு குறைவோ அங்கே அந்த அளவு மட்டும் கூட்டும்படி அதைச் சரிசெய்கிறார்கள். அந்த வரைபடம் இல்லாமல் வாங்கும் கருவி, கண்ணைச் சோதிக்காமல் வாங்கிய மூக்குக்கண்ணாடி மாதிரிதான்.

ஆகவே முதலில் போகவேண்டிய இடம் கடை அல்ல, கிளினிக் கெசிஹாத்தான். சிலருக்குக் காதில் அடைத்திருக்கும் அழுக்கை எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சிலருக்கு நடுக்காதில் சீழ் இருக்கும். அதற்கு மருந்து வேண்டும், மெஷின் அல்ல. திடீரென ஒரே நாளில் ஒரு காது கேட்காமல் போனால் அது அவசர சிகிச்சைக்கு உரியது. 'ரெண்டு நாள் பார்ப்போம்' என்று காத்திருக்கக் கூடாது. கிளினிக்கில் எழுதித்தரும் பரிந்துரைக் கடிதத்துடன் அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போனால் அங்கே ஆடியோலஜிஸ்ட் சோதிப்பார். சுங்கை சிப்புட்டில் இருப்பவர் ஈப்போவுக்கும், கோலசிலாங்கூர் தோட்டத்தில் இருப்பவர் கிள்ளானுக்கும் போய்வர ஒரு நாள் சம்பளம் போய்விடலாம். தவணை கிடைக்கவும் நாளாகலாம். ஆனால் உதவித்தொகைக்கான காகிதங்கள் பிறப்பது அந்த அறையில்தான்.

காகிதத்தைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் விலை. ஒரு காதுக்கான கருவி சில நூறு ரிங்கிட்டில் தொடங்கிப் பத்தாயிரத்தைத் தாண்டியும் போகிறது. 2025ஆம் ஆண்டு முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதைக் கொண்டு குடும்பம் நடத்துபவரிடம் "ரெண்டு காதுக்கும் போட்டால்தான் நல்லது" என்று சொன்னால் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். ஆனால் அப்படிச் சொல்வதில் வியாபாரம் மட்டும் இல்லை. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அறியவும், கூட்டத்தில் ஒரு குரலைப் பிரித்துக் கேட்கவும் மூளைக்கு இரண்டு காதுகளும் வேண்டும்.

உலகச் சந்தையின் பெரும்பகுதி ஐந்து நிறுவனக் குழுமங்களின் கையில் இருக்கிறது. ஃபோனாக், ஓட்டிகான், சிக்னியா, வைடெக்ஸ், ரீசவுண்ட், ஸ்டார்க்கி என்று கடையில் தொங்கும் பெயர்கள் எல்லாம் அவற்றுக்குள் அடக்கம். ஒரே நிறுவனமே ஒரே வடிவத்தில் நாலைந்து விலைப்படிகளில் கருவி விற்கிறது. படி ஏற ஏறக் கூடுவது பெரும்பாலும் இரைச்சலைக் குறைக்கும் திறனும் புளூடூத் போன்ற வசதிகளும்தான். தினமும் கூட்டங்களில் உட்காரும் ஆசிரியருக்கு அது தேவைப்படலாம். வீட்டில் மகளோடும் அண்டை வீட்டாரோடும் பேசி, மாலையில் கோயிலுக்குப் போய்வரும் எழுபது வயது பாட்டிக்கு அடிப்படைக் கருவியே போதும், அதைச் சரியாகப் பொருத்தியிருந்தால். சரியாகப் பொருத்தாத எட்டாயிரம் வெள்ளிக் கருவியைவிட, நாலைந்து முறை கூப்பிட்டுத் திருத்திக் கொடுத்த இரண்டாயிரம் வெள்ளிக் கருவி மேல். எனவே விலை கேட்கும்போதே, எத்தனை முறை இலவசமாகத் திருத்தித் தருவார்கள், வீட்டில் போட்டுப் பார்க்க எத்தனை நாள் தருவார்கள், பழுதானால் எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதையும் கேட்க வேண்டும். பொருத்துபவர் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற ஆடியோலஜிஸ்ட்டா என்று கேட்பதிலும் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பணம் கிடைக்கும் இடங்கள் பல உண்டு. அவை ஒரே கூரையின்கீழ் இல்லை என்பதே நம்மவர்களைத் திணறடிக்கிறது. சமூகநல இலாகாவில் மாற்றுத்திறனாளியாகப் பதிவுசெய்து ஓகேயு அட்டை பெற்றவர்கள், வாங்கும் வசதி இல்லையென்றால், செயற்கை உறுப்பு மற்றும் துணைக்கருவிக்கான உதவிக்கு அங்கேயே விண்ணப்பிக்கலாம். "நான் என்ன ஊனமா?" என்று அந்த அட்டையை மறுக்கும் பெரியவர்கள் நம்மில் நிறைய. அவர்களை வற்புறுத்துவதைவிட, கருவிக்கு வழி அதுதான் என்று பொறுமையாக எடுத்துச் சொல்வது பலன் தரும். சொக்சோவில் சந்தா கட்டிய தொழிலாளர்களுக்கு மறுவாழ்வு வசதியின்கீழ் கருவி கிடைக்க வாய்ப்புண்டு. அரசாங்க ஊழியர்களும் ஓய்வூதியம் பெறுவோரும் பொதுச்சேவைத் துறையின் மருத்துவச் சலுகையில் கோரலாம். பொதுப்பணி இலாகாவிலும் ரயில்வேயிலும் உழைத்து ஓய்வூதியம் பெறும் தாத்தாக்களின் குடும்பங்கள் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இவை எதிலும் அடங்காதவர்கள், மருத்துவமனையிலேயே இருக்கும் மருத்துவச் சமூகப்பணி அதிகாரியைப் பார்க்கலாம். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு மனுச்செய்யும் வழி அவர் மூலமாகத்தான்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கடைக்காரர் "முதல்ல எடுத்துக்குங்க, அப்புறம் கிளேம் பண்ணலாம்" என்பார். நம்பித் தவணையில் கருவியை எடுத்துவிட்டு, பிறகு ரசீதோடு அலுவலகம் அலுவலகமாக அலைவார்கள். மனு ஏற்கப்படுவதற்கு முன் செலவழித்த பணம் திரும்ப வரும் என்று எண்ணிக் கடன் வாங்கவே கூடாது. மருத்துவச் சான்றும் விலைப்பட்டியலும் கையில் இருக்க, முதலில் மனு, அப்புறம்தான் கருவி. காத்திருக்க முடியாதவர்களுக்கு ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் தொடங்கிய நெகிழ்வுக் கணக்கு இருக்கிறது. அதில் உள்ளதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். வருமான வரி கட்டும் மகனோ மகளோ பதிவுபெற்ற மாற்றுத்திறனாளிப் பெற்றோருக்குக் கருவி வாங்கினால், துணைக்கருவிகளுக்கான 6,000 ரிங்கிட் வரையிலான வரிவிலக்கைக் கோரலாம். வரி கட்டும் அளவு சம்பளம் இல்லாத வீட்டுக்கு இந்தச் சலுகையால் பயனில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூப்பு மட்டுமே காரணம் என்றால் பேச்சு இத்தோடு முடிந்துவிடும். ஆனால் செம்பனை ஆலையில் பாய்லருக்கும் டர்பைனுக்கும் பக்கத்தில் இருபது, முப்பது ஆண்டு நின்றவரின் காது வயதால் மட்டும் போகவில்லை. தோட்டத்தை விட்டு வந்து பிறை, ஷா ஆலாம், பாசீர் கூடாங் தொழிற்சாலைகளில் சேர்ந்தவர்களுக்கும் இதே கதைதான். இரைச்சலால் கெட்ட காது ஆடியோகிராமில் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளமாகத் தெரியும். உட்காதில் செத்துப்போன நுண்மயிர்ச் செல்கள் திரும்ப முளைப்பதில்லை.

1989ஆம் ஆண்டு விதிகளில் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபலாக இருந்த இரைச்சல் வரம்பு, 2019 ஜூனில் நடப்புக்கு வந்த புதிய விதிகளில் 85 ஆனது. எண்ணில் ஐந்துதான் வேறுபாடு. ஆனால் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. வரம்பைத் தாண்டும் இடத்தில் வேலைசெய்பவர்களுக்கு முதலாளி ஆண்டுதோறும் காதுப் பரிசோதனை செய்ய வேண்டும். 2024 ஜூன் முதல் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிவாகிவிட்டது. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு சொக்சோ சட்டத்தில் தொழில்சார் நோயாகவே ஏற்கப்பட்டது. மருத்துவ வாரியம் நிரந்தர இழப்பு என்று மதிப்பிட்டால் கருவியோடு நிற்காமல் இழப்பீடும் உண்டு.

சட்டம் இருந்தும், 'வயசானா காது அப்படித்தான்' என்று தாமே முடிவுகட்டி வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. வேலையை விட்டுப் பல ஆண்டு கழித்து, மூடிப்போன ஆலையின் இரைச்சலை யாரிடம் நிரூபிப்பது? பரிசோதனை வண்டி ஆலைக்கு வரும் நாளில் வெறுமனே கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல், முடிவின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வைப்பதற்குக் காசு செலவில்லை.

கருவி வந்த பிறகும் வேலை இருக்கிறது. பல ஆண்டு அமைதிக்குப் பழகிய மூளை, மீண்டும் கேட்கும் ஒலிகளை ஏற்கச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் எடுக்கும். முதல் நாளிலேயே கல்யாண மண்டபத்துக்குப் போட்டுப் போனால் கழற்றி வீசத் தோன்றும். வீட்டில், ஒருவரோடு, ஒரு மணி நேரம் என்று தொடங்க வேண்டும். நம் ஊரின் ஈரக்காற்றும் வியர்வையும் கருவிக்குப் பகை. இரவில் உலர்த்தும் டப்பாவில் வைக்காவிட்டால் ஐந்து ஆண்டு உழைக்க வேண்டியது சீக்கிரமே கெடும். சின்ன பேட்டரி ஒரு வாரத்தில் தீர்ந்துவிடலாம், அதற்கும் மாதச் செலவில் இடம் ஒதுக்க வேண்டும். விரல் நடுங்கும் பெரியவருக்கு அந்தப் பொடி பேட்டரியை மாற்றுவது சிரமம் என்பதால், மின்னேற்றும் வகைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை.

இன்னொன்று, மொழி. கருவியைச் சரிசெய்யும் அறையில் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் பெரும்பாலும் பேச்சு நடக்கும். "இப்போ தெளிவா கேட்குதா?" என்பதற்குப் பாட்டி மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். அவர் வாழ்க்கை முழுக்கக் கேட்கப்போவது தமிழை. அதனால் வீட்டில் அதிகம் பேசுபவர், மகளோ மருமகளோ பேரனோ, கூடவே போக வேண்டும். ஆடியோலஜிஸ்ட்டிடம் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்க முடியாதபடி பின்னால் நின்று, வழக்கமான குரலில் பத்து, பட்டு, பச்சை என்று சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லலாம். எது தவறுகிறதோ அதை அங்கேயே சொன்னால், கணினியில் திருத்தம் செய்ய ஆடியோலஜிஸ்ட்டுக்கும் பிடி கிடைக்கும்.