பிடித்துவிட்டால் ஆபத்து தீர்ந்ததா?

நடுக்கடலில் ஆயுதக் கப்பல் பிடிபட்டது என்று செய்தி வரும். துப்பாக்கிகளைக் கப்பல் தளத்தில் வரிசையாகப் பரப்பிப் படம் எடுத்து வெளியிடுவார்கள். ஆபத்து நீங்கியது, இனி அரசு பார்த்துக்கொள்ளும் என்று நாமும் நிம்மதி அடைகிறோம். அந்த நம்பிக்கை தவறானது, உயிர்களைப் பலிவாங்கியது.

சைப்ரஸில் நடந்ததைப் பாருங்கள். ஈரான் ஆயுதம் ஏற்றுமதி செய்வதை ஐ.நா. பாதுகாப்பு அவை 2007இல் 1747ஆம் தீர்மானத்தின் மூலம் தடை செய்தது. 2009 ஜனவரியில், ஈரானிலிருந்து சிரியாவுக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற ‘மோன்செகோர்ஸ்க்’ கப்பலை அமெரிக்கக் கடற்படை செங்கடலில் மறித்தது. சைப்ரஸ் கொடி தாங்கிய கப்பல் என்பதால் அது லிமசோல் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வெடிமருந்தும் ராணுவத் தளவாடங்களும் அடங்கிய 98 கன்டெய்னர்கள், மாரி என்ற ஊருக்கு அருகிலுள்ள கடற்படைத் தளத்தில் திறந்தவெளியில் அடுக்கப்பட்டன.

அங்கேயே அவை இரண்டாண்டுகளுக்கு மேல் வெயிலில் காய்ந்தன. சிரியாவைப் பகைத்துக்கொள்ளத் தயங்கிய அரசு, வெளிநாடுகள் உதவ முன்வந்தும் முடிவெடுக்காமல் காலம் தாழ்த்தியது. 2011 ஜூலை 11 அதிகாலையில் அந்தக் குவியல் வெடித்தது. கடற்படைத் தளபதி உட்படக் கடற்படையினரும் தீயணைப்பு வீரர்களுமாக 13 பேர் மாண்டார்கள். நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியைத் தந்துவந்த வாசிலிகோஸ் மின் நிலையம் முடங்கியது. அன்றைய பாதுகாப்பு அமைச்சர் பின்னர் சிறைக்குப் போனார். பிடிபட்ட ஆயுதம், அதைப் பிடித்துவைத்திருந்த நாட்டின் மக்களையே கொன்றது.

இதை ஓர் அரசின் அசட்டை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. ஈரான் தொடர்பாக 2010இல் வந்த ஐ.நா.வின் 1929ஆம் தீர்மானம், தடையை மீறிய சரக்கைக் கைப்பற்றி அகற்ற வேண்டும் என்று எல்லா நாடுகளுக்கும் கட்டளையிட்டது. அகற்றும் வழிகளாக அது சொன்னவை: அழிப்பது, செயலிழக்கச் செய்வது, சேமித்து வைப்பது, அகற்றுவதற்காக வேறொரு நாட்டிடம் ஒப்படைப்பது. ஏமன் தொடர்பான 2015இன் 2216ஆம் தீர்மானத்திலும் இதே பட்டியல்தான். சேமித்து வைப்பதும் அகற்றுவதாம்! கெடுவும் கிடையாது. இப்படி எழுதினால், முடிவெடுக்க அஞ்சும் எந்த அரசும் கிடங்கைப் பூட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

வழக்குக்குச் சாட்சியம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். அதற்கு முழுக் குவியலும் எதற்கு? நம் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 52ஏ பிரிவு, மாஜிஸ்திரேட் சான்றளித்த பட்டியலையும் படங்களையும் மாதிரிகளையும் முதன்மைச் சாட்சியமாக ஏற்கிறது. கஞ்சாவுக்கு முடிவது வெடிமருந்துக்கு முடியாதா?

நல்ல ஆயுதத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்போரும் உண்டு. ஈரானிலிருந்து ஏமனின் ஹூதிகளுக்குக் கடத்தப்பட்டதாக அமெரிக்கா 2022 டிசம்பரில் கைப்பற்றிய சுமார் 11 லட்சம் தோட்டாக்கள், மறு ஆண்டு ஜூலையில் உரிமைப் பறிப்பு வழக்கின் மூலம் அதன் உடைமையாகி, அக்டோபரில் உக்ரைனுக்குப் போயின. விரைவாக முடிக்க முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் ஒரு போருக்குப் போகாமல் தடுத்ததை இன்னொரு போருக்கு அனுப்புவதை அகற்றுவது என்று சொல்ல முடியாது. உக்ரைனின் தேவை நியாயமானதாகவே இருக்கட்டும். நாளை வேறோர் அரசு, தான் பிடித்ததைத் தனக்கு வேண்டிய கூலிப்படைக்குக் கொடுத்தால் எந்த வாயால் கண்டிப்போம்?

இது நமக்கும் தொலைவான கவலை அல்ல. 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட், சென்னை மணலிக்கு அருகே ஐந்தாண்டுகள் கிடந்தது. ஆபத்தான சரக்கை வழக்கு முடியும் முன்பே அகற்றச் சுங்கச் சட்டத்தின் 110ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. ஆனாலும் 2020 ஆகஸ்டில் அதே வேதிப்பொருளால் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறிய பிறகுதான் மணலிச் சரக்கு அவசரமாக ஐதராபாத்துக்குக் கிளம்பியது. 2025 நவம்பரில் ஸ்ரீநகரின் நவ்காம் காவல் நிலையத்தில், பறிமுதலான வெடிபொருளில் மாதிரி எடுக்கும்போது வெடித்து 9 பேர் உயிரிழந்தார்கள். குடியிருப்புக்கு நடுவே உள்ள காவல் நிலையம் வெடிபொருள் கிடங்கு அல்ல.

ஆகவே சட்டம் தெளிவாகப் பேச வேண்டும். சேமிப்பு என்பது தற்காலிக ஏற்பாடு மட்டுமே. அதற்கு மாதக் கணக்கில் கெடு வேண்டும். கெடு முடிந்தால் அழிப்பதே விதி. விலக்கு வேண்டுமானால் அரசு நாடாளுமன்றத்தில் காரணம் சொல்லிப் பெறட்டும். வெடிபொருளை ஊருக்கு வெளியே, உரிமம் பெற்ற கிடங்கில் மட்டுமே வைக்க வேண்டும். கெடு தவறினால் பொறுப்பதிகாரி யார் என்பதும் சட்டத்திலேயே இருக்க வேண்டும். அடுத்த முறை ஆயுதக் கப்பல் பிடிபட்ட செய்தி வரும்போது, கைதட்டும் முன் கேளுங்கள்: அந்தச் சரக்கு எங்கே இருக்கிறது, எந்தத் தேதிக்குள் அழியும்?