பச்சை பூசினால் கலை, லிப்ஸ்டிக் பூசினால் குற்றமா?

என் பார்லருக்கு வரும் பெண்ணிடம் "எதுக்கு மேக்கப்?" என்று நான் கேட்பதே இல்லை. வீட்டில், பஸ்ஸில், வேலை பார்க்கும் இடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்த பிறகுதான் அவள் என் நாற்காலியில் வந்து உட்காருகிறாள். ஊரே கேட்கும் அந்தக் கேள்விக்கு என் பதிலை இங்கே எழுதுகிறேன்.

மட்டாஞ்சேரி பாலஸ் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது ஃபோர்ட் கொச்சியின் 'வெளி' என்ற பகுதியில், டோபி கானாவுக்குப் பக்கத்தில். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் துணி வெளுக்கக் கொண்டுவரப்பட்ட தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் நாங்கள். அப்பா கஞ்சி போட்டு, கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இந்த ஊரின் வக்கீல்களும் டாக்டர்களும் நிமிர்ந்து நடந்தார்கள். விறைப்பான காலரைப் பார்த்து "யாரை மயக்க இது?" என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. ஆண் தன் தோற்றத்தைக் கவனித்தால் அது ஒழுங்கு. பெண் கவனித்தால் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தாக வேண்டும்.

செரளாயி கொங்கணி வீட்டு மணப்பெண், கச்சி மேமன் வீட்டு நிக்காஹ் பெண், வெள்ளை கவுனில் தேவாலயத்துக்குப் போகும் லத்தீன் கத்தோலிக்கப் பெண் என்று மட்டாஞ்சேரியின் எல்லாச் சமூகமும் என் கடைக்கு வருகிறது. ஆனால் கடை ஓடுவது கல்யாணத்தால் மட்டுமில்லை, புருவம் திருத்த வரும் சாதாரணப் பெண்களால். இரவுப் பணி முடிந்து கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு வரும் நர்ஸ் ஒருத்தி. கன்னத்தில் வெண்புள்ளி பரவிய ஒருத்தி, தங்கையின் கல்யாண போட்டோவில் எல்லாரும் தன் கன்னத்தையே பார்க்கக் கூடாது என்று மட்டும் கேட்டாள். விரலுக்கு ஒரு நிறத்தில் நகப்பூச்சு வேண்டும் என்று அடம்பிடித்த கல்லூரிப் பெண்ணுக்குக் காரணமே கிடையாது. நிறம் பிடிக்கும், அவ்வளவுதான்.

தோப்பும்படி பக்கம் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண் ஒருத்தியும் வருவாள். கணவர் இறந்த பிறகு வெகுநாள் கண்ணாடிப் பக்கமே போகாமல் இருந்தவள். ஒருநாள் வந்து புருவம் திருத்திக்கொண்டு, கண்ணுக்கு மை தீட்டச் சொன்னாள். ஷெட்டில் தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க். வெளியே தெரிவது கண் மட்டும்தான். அந்த மைக்குத்தான் "யாருக்காக?" என்று அவள் மாமியார் வீட்டில் பெரிய சண்டை. அவள் என்னிடம் சொன்ன பதில் இது: "காலைல கண்ணாடியில பார்த்தா என் முகம் மாதிரி இருக்கணும்க்கா." ஒப்பனை என்றால் வேறு முகம் மாட்டிக்கொள்வது என்று நினைப்பவர்கள் இந்தப் பதிலை யோசித்துப் பார்க்க வேண்டும். துக்கமும் உழைப்பும் அழித்துவிட்ட தன் முகத்தைத்தான் அவள் திரும்பக் கேட்டாள்.

எங்கள் ஊரிலேயே இன்னொரு ஒப்பனையும் நடக்கிறது. மாலை ஐந்து மணி வாக்கில் ஃபோர்ட் கொச்சியின் கதகளி அரங்குகளுக்குப் போய்ப் பாருங்கள். ஆட்டம் தொடங்கும் முன் வேஷம் கட்டுவதைப் பார்க்கவே வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். மனயோலை என்கிற மஞ்சள் அரிதாரத்தோடு நீலத்தைச் சேர்த்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்தால் பச்சை வரும். நடிகர் பாயில் மல்லாந்து படுத்துக்கொள்வார். சுட்டி குத்துபவர் அரிசி மாவையும் சுண்ணாம்பையும் குழைத்துத் தாடையோரம் வரம்பு கட்டி, வெட்டிய காகிதத்தை அதில் பதிப்பார். விடிய விடிய நடக்கும் ஆட்டம் என்றால் வேஷத்துக்கு மட்டும் மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். கடைசியில் சுண்டப்பூவைக் கசக்கி உருட்டி இமைக்குள் வைப்பார்கள், கண் செக்கச் சிவந்துவிடும். என் தொழிலில் இருக்கும் எவரும் அதைப் பார்த்தால் கைகூப்புவார்கள். நான் கைகூப்பியிருக்கிறேன்.

அந்த மேடையில் நிறத்துக்குப் பொருள் உண்டு. ராமனுக்கும் நளனுக்கும் பச்சை. ராவணனுக்கும் கீசகனுக்கும் கத்தி வேஷம். துச்சாதனனுக்குச் சிவப்புத் தாடி. பெண்களுக்கும் முனிவர்களுக்கும் மினுக்கு. முகத்தைப் பார்த்ததும் குணம் தெரிந்துவிட வேண்டும் என்பதற்காக வகுத்த முறை இது. ஆடுபவரும் பார்ப்பவரும் அதை ஏற்றுக்கொண்டுதான் எதிரெதிரே இருக்கிறார்கள். கதகளி நடிகர் கோட்டக்கல் சிவராமன் ஆயுள் முழுக்கத் தமயந்தியாகவும் மற்றப் பெண்களாகவும் ஆடினார். அவரை ஏமாற்றுக்காரர் என்று எவரும் சொல்லவில்லை. மகாகலைஞர் என்றுதான் கொண்டாடினார்கள், அது சரியும்கூட.

ஆனால் அரங்கை விட்டு வெளியே வந்ததும் அதே கண்ணோடு தெருவில் போகும் பெண்களைப் படிக்கத் தொடங்குகிறோம். அடர்ந்த சிவப்பு லிப்ஸ்டிக் என்றால் நடத்தை சரியில்லை. கண் மை கொஞ்சம் நீண்டால் திமிர். பவுடர் திட்டுத்திட்டாக இருந்தால் ஏழை, நாகரிகம் தெரியாதவள். ஒன்றுமே பூசாவிட்டால் அடக்கமானவள், இல்லையென்றால் ஏதோ சோகம். இந்த முறையை யார் வகுத்தது? எந்தப் பெண் இதற்குச் சம்மதித்தாள்? மேடையில் நடிகரின் முகத்துக்குக் கொடுக்கும் மரியாதையில் கொஞ்சமாவது பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டும்.

மட்டாஞ்சேரி அரண்மனையின் ராமாயணச் சுவரோவியங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆண் பெண் வேறுபாடில்லாமல் அங்கே எல்லாருக்கும் நீண்ட மை தீட்டிய கண்கள். கேரளச் சுவரோவியங்களின் கறுப்பு, எண்ணெய் விளக்கின் கரியிலிருந்து எடுப்பது. நம் பாட்டிமார் கண்ணுக்கு மை எடுத்ததும் அப்படித்தான். மை தீட்டுவது இந்த மண்ணில் புதிதாக வந்த மோகம் ஒன்றும் இல்லை.

புதிதாக இல்லாத இன்னொன்றும் உண்டு. யார் அலங்கரித்துக்கொள்ளலாம், யார் கூடாது என்கிற கட்டளை. திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் பொன்னோ வெள்ளியோ அணியக் கூடாது, கல்மாலைதான் போட வேண்டும் என்று சாதி விதி இருந்தது. 1915இல் புலையர் தலைவர் அய்யங்காளியின் தலைமையில் கொல்லத்தில் கூடிய பெண்கள் அந்தக் கல்மாலைகளை அறுத்து எறிந்தார்கள். நகைக்கு இருந்த விதி போய்விட்டது. பார்வை இன்னும் முழுதாகப் போகவில்லை. "துணி வெளுக்கிறவ வீட்டுப் பொண்ணுக்கு இவ்வளவு மினுக்கா?" என்று என் காதுபடச் சொன்னவர்கள் உண்டு. ஒரே லிப்ஸ்டிக்கைப் பணக்கார வீட்டுப் பெண் போட்டால் ஸ்டைல் என்றும், வீட்டு வேலை செய்யும் பெண் போட்டால் வேறு மாதிரியும் பேசுகிற ஊர்தான் இது, உங்கள் ஊரும்தான்.

யார் பூசலாம், யார் கூடாது என்ற கட்டளை பெண்கள் மேலும் இருந்ததைக் கதகளியிலேயே பார்க்கலாம். கதகளி கற்றுத்தரும் கேரள கலாமண்டலம் தொடங்கியது 1930இல். கதகளி வகுப்பில் மாணவிகளைச் சேர்த்தது 2021இல். இடையில் திருப்பூணித்துறையில் 1975லேயே பெண்கள் தாங்களே ஒரு குழு அமைத்துப் பச்சையும் கத்தியும் கட்டி ஆடிக் காட்டிவிட்டார்கள். சினிமாவிலும் இதே கதைதான். மேக்கப் பெண்களின் பைத்தியம் என்று பேசுகிற நாட்டில், மும்பைத் திரைத்துறையின் சங்கம் பெண்களுக்கு மேக்கப் கலைஞர் என்ற உறுப்பினர் அட்டையைக் கொடுக்கவில்லை. தலை அலங்காரம் மட்டும் செய்யலாம் என்றது. மேக்கப் கலைஞர் சாரு குரானா தொடுத்த வழக்கில் 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. பூசிக்கொண்டால் பெண்ணுக்கு ஏச்சு, பூசிவிட்டுச் சம்பாதிக்கும் இடத்தில் ஆணுக்கு இட ஒதுக்கீடு. இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

வேலைக்காகப் பூசுகிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஜவுளிக்கடை இன்டர்வியூவுக்கு முதல் நாள் என்னிடம் வரும் பெண்கள், "பளிச்சுனு இருக்கணும்னு சொல்லிட்டாங்கக்கா" என்பார்கள். மாதச் சம்பளத்தில் காம்பேக்ட், லிப்ஸ்டிக் செலவு அவர்களுடையது. நாள் முழுக்க நிற்க வேண்டும். விற்பனைப் பெண்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று கேரளத்தில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும் சட்டம் திருத்த வேண்டியிருந்தது. அந்த உரிமைக்காகக் கோழிக்கோட்டில் கடைப்பெண்களே தெருவில் இறங்கினார்கள். முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டால் அது சீருடைதான், அதற்கான செலவும் முதலாளியுடையதுதான். மாலையில் அதே முகத்தோடு பஸ் ஏறும் பெண்ணைப் பார்த்து உதடு சுழிப்பவர்களுக்கு, அவள் அன்று எத்தனை மணி நேரம் நின்றாள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

2015இல் வந்த 'பிரேமம்' படத்தில் சாய் பல்லவி முகப்பருவோடு, மேக்கப் இல்லாமல் நடித்தார். படத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆசிரியையான அவருடைய மலர் பாத்திரத்தை மலையாளிகள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். பிறகு முகத்தை வெளுப்பாக்கும் கிரீம் விளம்பரத்தில் நடிக்கவும் அவர் மறுத்தார். அவர் மேல் எனக்குப் பெரிய மதிப்பு. பருவை நினைத்து அழுத எத்தனையோ பெண்களுக்கு அந்தப் படம் தைரியம் கொடுத்தது. ஆனால் அந்த முகத்தையே கம்பாக எடுத்துக்கொண்டு, "மலர் டீச்சரைப் பாரு, உனக்கெதுக்கு இதெல்லாம்?" என்று மகளை அடிக்கும் அப்பாக்களும் உண்டு. பூசு என்று சொல்லும் அதிகாரமும் பூசாதே என்று சொல்லும் அதிகாரமும் ஒரே கையில்தான் இருக்கிறது. சாய் பல்லவி தன் முகத்தைப் பற்றித் தானே முடிவெடுத்தார். நாம் பாராட்ட வேண்டியது அதை.

ஆண்கள் சேலையும் மையும் அணிவதை ஊரே ஏற்கும் ஒரு திருவிழாவும் உண்டு: கொல்லம் மாவட்டம் சவராவில் கொற்றன்குளங்கரை தேவி கோயில் சமயவிளக்கு, ஆண்டுதோறும் மலையாள மாதம் மீனம் 10, 11 தேதிகளில். அன்று ஆயிரக்கணக்கான ஆண்கள் மீசையை வழித்து, சேலை உடுத்தி, பூ வைத்து, கையில் விளக்கோடு நிற்பார்கள். மேக்கப் போட்டுவிட அங்கேயே ஆட்கள் கடை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மனைவி கணவனுக்குச் சேலை மடிப்பு எடுத்துவிடுவாள். பார்க்க நெகிழ்ச்சியாக இருக்கும். கோயிலுக்கு வெளியே கதை வேறு. 2017இல் கொச்சி மெட்ரோ தொடங்கியபோது திருநர் 23 பேரை வேலைக்கு எடுத்தது, நாடே பாராட்டியது. ஆனால் வாடகைக்கு வீடு கிடைக்காமல் அவர்களில் சிலர் சில நாட்களிலேயே வேலையை விட்டார்கள். கோயிலில் பக்தியாகத் தெரிந்த அதே சேலையும் மையும், வீடு கேட்டு வாசலில் நின்றபோது வீட்டுக்காரர்களுக்கு ஆகவில்லை.

எல்லாப் பூச்சையும் நான் ஆதரிக்கவில்லை. வெளுப்பாக்கும் கிரீமை என் கடையில் விற்பதில்லை. ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் வந்தது, 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. கறுப்பைக் குறைவாகக் காட்டி விளம்பரம் செய்யக் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணயக் குழு 2014லேயே சொல்லிவிட்டது. இருந்தும் லேபிள் சரியில்லாத, எங்கே செய்தது என்று தெரியாத கிரீம்கள் சந்தையில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021க்கும் 2023க்கும் இடையே ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 15 பேரில் 13 பேர் இந்த வெளுப்புக் கிரீம்களைப் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் கண்டார்கள். காரணம் கிரீமில் இருந்த பாதரசம். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை போட்டது. லிப்ஸ்டிக் போட்ட பெண்ணை முறைக்கும் பெரியவர்களே மகளுக்கு இந்த கிரீமை வாங்கிக் கொடுக்கிறார்கள். அடக்கத்தின் மீதான அக்கறை அங்கே காணாமல் போய்விடுகிறது.

கல்யாண மேக்கப்பில் இந்த வெளுப்பு ஆசையைத்தான் நாள்தோறும் சந்திக்கிறேன். பவுண்டேஷனைக் கடை வாசல் வெளிச்சத்தில் பெண்ணின் தாடையோரம் தடவி, தோலோடு கலந்து மறைகிற ஷேடைத்தான் எடுப்பேன். கொச்சியின் புழுக்கத்தில் வேறு நிறம் போட்டால் தாலி கட்டும் முன்பே கழுத்து தனியாக, முகம் தனியாகத் தெரியும். பெண் சரி என்பாள். பக்கத்தில் நிற்கும் அத்தை, "ரெண்டு ஷேடு கூட்டிப் போடும்மா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பார்ப்பாங்க" என்பார். நான் மறுத்துவிடுவேன். சில ஆர்டர் அதனால் கைநழுவிப் போயிருக்கிறது, பரவாயில்லை.

மேக்கப் பேச வரும் அம்மா, அத்தை, பெரியம்மா எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். மணப்பெண்ணையும் கூடவே அழைத்து வாருங்கள். கன்னத்துக்கு எவ்வளவு, கண்ணுக்கு எவ்வளவு என்பதை அவள் வாயால் சொல்லட்டும். எதுவும் வேண்டாம் என்றால் தலை வாரிப் பூ வைத்து மட்டும் அனுப்புகிறேன். நிறைய வேண்டும் என்றால் நிறையவே போடுவேன். நீங்கள் பக்கத்தில் இருந்து பின்னைப் பிடித்துக் கொடுங்கள், போதும்.