வாலைத் தூக்கிப் பார்க்காத வீடு

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் முகப்பில் ஒரு படம் இருக்கிறது. கல்லின்மேல் ஒரு தாடி ஓணான், அதன் முதுகில் அப்பிக்கொண்டு இன்னொன்று. இரண்டும் கண்ணை மூடியிருக்கின்றன. மகள் எடுத்த படம். மதுரையிலிருந்து சித்தி, பெரியம்மா, அத்தை எல்லாரும் இதயம் இதயமாக அனுப்பினார்கள். "கூடப்பிறந்த பாசம்" என்று நானும் ஒரு வரி சேர்த்தேன்.

அது பாசமே இல்லை. மேலே கிடந்தது விளக்கின் சூட்டையும் புற ஊதாக் கதிரையும் தன் முதுகில் வாங்கிக்கொண்டு கீழே கிடந்ததற்கு எட்டாமல் செய்துகொண்டிருந்தது. அதற்கு விலகிப் போக வேறு சூடான இடம் இல்லை. 120 சென்டிமீட்டர் நீளக் கண்ணாடித் தொட்டி ஓர் ஓணானுக்கு உரியது. நாங்கள் இரண்டை விட்டிருந்தோம்.

நாங்கள் இருக்கும் சிட்னியில் இதை வளர்க்க மாநில அரசின் உரிமம் வேண்டும். அதைத் தவறாமல் வாங்கினோம். ஊர்வனவற்றை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்ற விதித்தொகுப்பும் இருந்தது. மனைவி படித்திருப்பாள் என்று நான் இருந்தேன், நான் படித்திருப்பேன் என்று அவள் இருந்தாள். பிள்ளைகள் இருவரும் பெயர் வைப்பதில் மும்முரமாக இருந்தார்கள். பெரியது கண்ணம்மா, சின்னது செல்லம்மா. பிப்ரவரியில் வாங்கியபோது இரண்டும் என் ஆள்காட்டி விரலைவிடக் கொஞ்சம்தான் நீளம். "ரெண்டும் பெண்ணாகத்தான் இருக்கும்" என்றார் விற்றவர். அந்த 'இருக்கும்' எங்கள் காதில் 'இருக்கிறது' என்று விழுந்தது. அப்படி விழுந்தால் இரண்டாவது தொட்டி, இரண்டாவது விளக்கு, இரண்டாவது மின்கட்டணம் எதுவும் வேண்டாமல்லவா?

வீடியோ அழைப்பில் மாமியார் கேட்டார்: "ரெண்டுல எதுடி கிடா?" மனைவி சிரித்தாள். "ஏண்டி, வாங்கையிலயே வாலைத் தூக்கிப் பாக்கலையா?" ஆட்டுச் சந்தைக்குப் போய்வந்த கை அவருடையது. நாங்கள் நால்வரும் விழுந்து விழுந்து சிரித்து, அதைக் குழுவிலும் போட்டோம்.

இந்தப் பிராணி ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்தைச் சேர்ந்தது. அங்கே வேலிக்கம்பத்தின் உச்சியில் ஒற்றையாக உட்கார்ந்து வெயில் காயும். நம் ஊர் ஓணான் இதற்கு ஒரே குடும்பத்துச் சொந்தம். அதே தலையாட்டல், அதே எல்லைச் சண்டை. வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் குத்துதே குடையுதே என்று அலறுவானாம். எங்கள் வீட்டில் குத்தும் குடைச்சலும் ஓணானுக்குத்தான்.

எதையும் நாங்கள் பார்க்காமல் இல்லை, அதுதான் உறுத்துகிறது. கண்ணம்மா தாடியைக் கரிபோலக் கறுக்கவிட்டு விருட்டென்று தலையை ஆட்டும்போதெல்லாம் செல்லம்மா ஒரு முன்னங்காலைத் தூக்கி, காற்றில் மெதுவாக வட்டம் போட்டு இறக்கும். "அப்பா, வணக்கம் சொல்லுது!" என்பான் மகன். வந்தவர்களுக்கெல்லாம் அதை வேடிக்கை காட்டினோம். 'அடித்துவிடாதே, நான் சின்னவள்' என்று அது சரணடைந்துகொண்டிருந்தது. நாளுக்குப் பத்து முறை அந்த வணக்கத்தைப் படம் பிடித்தோம்.

சுவர்க்கோழிப் பூச்சிகளை மொத்தமாகத் தொட்டியில் கொட்டுவோம். பெரியது முக்கால்வாசியைத் தின்றுவிடும். "செல்லம்மாவுக்கு எப்பவும் பசி கம்மி" என்று நாங்களே முடிவுகட்டினோம். பிறகு அதன் பின்னங்காலில் ஒரு விரல் காணாமல் போனது. கல்லில் மாட்டியிருக்கும் என்றோம். வால்நுனி கறுத்து உதிர்ந்தது. பல்லிக்கு முளைப்பதுபோல் முளைத்துவிடும் என்று சொன்னவன் நான். பல்லிக்கு முளைக்கும், இதற்கு முளைக்காது. சிறு வயதில் ஓணான்மேல் கல்லெறிந்து திரிந்தவன், வால் இழந்த ஓணானுக்கு மறுபடி வால் வந்ததை ஒருநாளும் கண்டதில்லை. அது எனக்கே தெரியும்.

நவம்பரில் செல்லம்மா சாப்பாட்டை அடியோடு நிறுத்தி, மூலையில் மணலைப் பறித்துக்கொண்டே இருந்தது. மருத்துவரிடம் போனோம். தராசில் கண்ணம்மா 380 கிராம், செல்லம்மா 190. ஒரே நாளில் பொரித்தவை.

அவர் கண்ணம்மாவை உள்ளங்கையில் குப்புறக் கிடத்தினார். வாலை அடியில் பிடித்து, முதுகுப் பக்கமாக மிக மெதுவாகத் தூக்கினார். குட்டிகளிடம் அழுத்தித் தூக்கினால் காயமாகும் என்றார். கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தார். எச்சத்துளைக்குக் கீழே வாலின் இருபுறமும் இரண்டு நீள்மேடு, நடுவில் பள்ளம். தொடையின் உட்புறத்தில் மெழுகுப் பொட்டு வைத்ததுபோல் ஒரு வரிசைத் துளைகள், ஒவ்வொன்றும் துருத்திக்கொண்டு. பிறகு செல்லம்மா. அதே இடத்தில் நடுவே ஒற்றை மேடு, துளைகள் வெறும் புள்ளிகள். பத்து விநாடி ஆகியிருக்காது. "சின்ன வயதில் தெரியாது. ஆனால் சில மாதங்கள் போனபின் நீங்களே பார்த்திருக்கலாம்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கண்ணம்மா ஆண். எக்ஸ்ரேயில் செல்லம்மாவின் வயிறு நிறைய முட்டை. சாப்பாட்டில் கிடைக்காத சுண்ணாம்புச் சத்தைத் தன் எலும்பிலிருந்தே உருவி முட்டைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் இருந்த தழும்புகளை நாங்கள் தோல் உரிவது என்று நினைத்திருந்தோம். ஆண் கவ்விப் பிடித்த பல்தடம் அது.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் நான் ஒரு சாக்கு சொன்னேன். கான்பெரா பல்கலைக்கழகத்து ஆய்வு பற்றி எங்கோ படித்திருந்தேன். இந்த ஓணானின் முட்டை சுமார் 32 டிகிரிக்கு மேல் அடைகாக்கப்பட்டால் மரபணுப்படி ஆணாக வேண்டிய குஞ்சும் பெண்ணாகப் பொரியும். காட்டிலும் இப்படி நடப்பதை 2015இல் காட்டினார்கள். "விஞ்ஞானிகளுக்கே குழப்பம், நமக்கு எப்படித் தெரியும்?" என்றேன். பின்சீட்டிலிருந்து மகள், "அதுவும் முட்டைதானேப்பா போடும்? வாலுக்கடியில பாத்தா பொண்ணுன்னு தெரியும்ல?" என்றாள். அப்புறம் வீடு வரும்வரை யாரும் பேசவில்லை.

ஈர மணல் நிரப்பிய தனிப் பெட்டியில் செல்லம்மா 14 முட்டை இட்டது. எல்லாவற்றையும் உறைபெட்டியில் வைத்துவிட்டோம். சில வாரம் கழித்து, ஆண் பக்கத்திலேயே இல்லாதபோது, இன்னொரு ஈடு. விந்தைச் சேமித்துவைத்து மறுபடி முட்டையிட இதற்கு முடியும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். பிரித்துவிட்டோம், தீர்ந்தது என்று நாங்கள் நினைத்திருந்தது அதன் உடம்புக்குள் தீரவில்லை.

இரண்டாவது தொட்டி, விளக்கு எல்லாம் வந்துவிட்டன. சேர்த்துப் பார்த்தால், நாங்கள் பயந்த செலவைவிட மருத்துவரின் ரசீதுதான் பெரிது. ஒன்றை ஒன்று பார்க்காதபடி தொட்டிகளுக்கு நடுவே அட்டை வைத்திருக்கிறோம். கண்ணம்மாவின் பெயரைப் பிள்ளைகள் மாற்றவில்லை. மாமியாரிடம் மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். "அதான் அன்னைக்கே கேட்டேனே" என்று மட்டும் சொல்லிவிட்டு, குழம்பு அடிப்பிடிக்குது என்று வைத்துவிட்டார்.

குழுவின் முகப்பில் அந்தப் படம்தான் இன்னும் இருக்கிறது. மாற்ற வேண்டும் என்று நால்வருமே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.