வரைபடத்தில் இல்லாத வீட்டை இடிப்பது சுலபம்

நகரத்தை அழகுபடுத்தும் எந்தத் திட்டமும் முதலில் ஒரு வரைபடமாகத்தான் மேசைக்கு வருகிறது. புல்டோசர் பிறகுதான் வரும். மூன்று தலைமுறையாக மக்கள் வாழும் தெருவுக்கு ஒரு நிறம் பூசி, "வசதி குறைந்த குடியிருப்பு" என்று பெயரிட்டுவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

கொழும்பில் நடந்தது இதுதான். 2010ஆம் ஆண்டு மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அதே ஆண்டில் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. கொழும்பில் 68,812 குடும்பங்கள் வசதி குறைந்த குடியிருப்புகளில் வாழ்வதாக அதிகார சபை கணக்குச் சொன்னது. அவர்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றிவிட்டு, பெறுமதியான நிலத்தை முதலீட்டுக்கு விடுவிப்பதே திட்டம்.

ஆனால், இன்னொரு கணக்கும் இருந்தது. 2000களின் தொடக்கத்தில் கொழும்பு மாநகர சபையும் செவனத்த நிறுவனமும் குடியிருப்பாளர்களையும் சேர்த்துக்கொண்டு நடத்திய ஆய்வு 1,614 குடியிருப்புகளைப் பதிவுசெய்தது. தண்ணீர், மலசலகூடம், பாதை, காணி உரிமை என்று பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே மேம்பட்டிருந்தன. எந்தக் கணக்கின்படி நகரம் மாற்றப்பட்டது என்பது நமக்குத் தெரியும்.

இதே சிக்கலை அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் மக்கள் வேறுவிதமாகக் கையாண்டார்கள். தொழில்நுட்பக் கம்பனிகளின் வருகையோடு அங்கே வாடகை ஏறியது. வாடகைத் தொழிலிலிருந்து விலகுவதாகச் சொல்லி, கட்டடத்திலிருக்கும் எல்லாக் குடியிருப்பாளர்களையும் வெளியேற்ற உரிமையாளருக்கு 1985ஆம் ஆண்டின் எல்லிஸ் சட்டம் வழிவிட்டது. 2013இல் தொடங்கிய 'வெளியேற்றத்துக்கு எதிரான வரைபடத் திட்டம்' நகர வாடகைச் சபையின் பதிவுகளை எடுத்து, ஒவ்வொரு வெளியேற்றத்தையும் ஒரு புள்ளியாக வரைபடத்தில் இட்டது. கம்பனிகளின் தனியார் பேருந்துத் தரிப்பிடங்களையும் அதே வரைபடத்தில் குறித்தது. 2011 முதல் 2013 வரை குடியிருப்பாளரின் தவறு எதுவுமின்றி நடந்த வெளியேற்றங்களில் 69 வீதமானவை அந்தத் தரிப்பிடங்களிலிருந்து நான்கு தெருக்களுக்குள் நிகழ்ந்ததாக அந்தக் குழு காட்டியது. வெளியேற்றப்பட்டவர்களின் வாய்மொழிக் கதைகளும் வரைபடத்தில் சேர்ந்தன.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. எந்த உரிமையாளர், எத்தனை கம்பனிப் பெயர்களுக்குப் பின்னால் நின்று, எத்தனை பேரை வெளியேற்றினார் என்பதையும் தொடர்புபடுத்தினார்கள். என் பார்வையில் இதுதான் முக்கியமான நகர்வு. இழப்பை மட்டும் காட்டும் வரைபடம் அனுதாபத்தைப் பெறும். இழப்பால் இலாபம் அடைந்தவரையும் காட்டும் வரைபடம்தான் பதில் கேட்கும்.

வடக்கில் காணி பறிபோகும் விதம் வேறு; முதலில் வருவது காகிதம்தான் என்பது ஒன்றே. 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி வட மாகாணத்தில் 5,900 ஏக்கருக்கும் கூடுதலான காணிகளைக் குறிப்பிட்டு, மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிட்டால் அவை அரச காணியாகும் என்றது. உறுதியை இடப்பெயர்வில் தொலைத்தவர்களுக்கும், தமிழகத்து முகாம்களில் இருப்பவர்களுக்கும் மூன்று மாதம் என்ன காலம்? எதிர்ப்பும் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையும் வந்தபின் அரசு பின்வாங்கியது. அடுத்த வர்த்தமானி வரும்போது நம் கையில் என்ன இருக்கும் என்பதுதான் கேள்வி.

ஊர்மக்கள் வரையும் வரைபடம் நீதிமன்றத்தில் உறுதிக்கு ஈடாகாது. ஆனால், எந்தக் கிணறு யாருடையது, வேலி எங்கே ஓடியது, எந்த வயலை எந்த ஆண்டுவரை யார் விதைத்தார் என்பதை, அறிந்த முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே தேதியோடும் சாட்சியோடும் எழுதிவைத்தால், வழக்கறிஞர் தொடங்குவதற்கு ஓர் இடம் கிடைக்கும். காணியை இப்போது யார் வைத்திருக்கிறார், என்ன விளைகிறது, வருமானம் எங்கே போகிறது என்பதும் அதில் இருக்கவேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். வரைபவர்கள் ஊரின் காணிக்காரர்கள் மட்டுமாக இருந்தால், காணியற்ற குடும்பங்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் பெண்களும் இரண்டாம் முறையும் அழிக்கப்படுவார்கள். அடுத்தது, சேகரித்த எல்லாவற்றையும் இணையத்தில் போடக்கூடாது. மக்களின் பெயர்களும் எல்லைகளும் அதிகாரத்தின் கையில் எப்படி மாறும் என்பதை நாம் அறிவோம். எதை வெளியிடுவது, எதைப் பூட்டிவைப்பது என்பதை ஊரே கூடித் தீர்மானிக்கவேண்டும்.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு கொப்பி, ஒரு கைபேசி, சில மாலை நேரங்கள் போதும். தேவைப்படுவது அவசரம்.