தண்ணீரில் கண்டமா? அப்படியானால் நீச்சல் கற்பியுங்கள்!



அண்மையில் மேருவில் நான் கற்பிக்கும் மாணவர்கள் 40 பேரிடம் ஒப்புதல் கடிதம் கொடுத்தனுப்பினேன். இரண்டு இரவுகள் கூடாரத்தில் தங்குதல், ஆற்றில் துடுப்புப் படகு வலித்தல், மிதிவண்டிப் பயணம். இவ்வளவுதான் முகாமின் திட்டம். சம்மதம் என்று கையொப்பத்தோடு திரும்பியவை 11 கடிதங்கள் மட்டுமே! மற்றவர்கள் சொன்ன காரணங்கள்: சனிக்கிழமை டியூஷன் இருக்கிறது, பெண்பிள்ளையை இரவில் வெளியே அனுப்ப மாட்டோம், கட்டணம் கட்ட வசதி இல்லை. ஒரு தாயார், “பையனுக்குத் தண்ணீரில் கண்டம் என்று சோசியர் சொல்லியிருக்கிறார், டீச்சர்” என்றார்.

அந்தத் தாயாரை நான் கேலி செய்யவில்லை. அவருடைய அச்சத்திற்குக் காரணம் உண்டு. 26-10-2009 இரவு பேராக், கம்பார் அருகே கோலா டிப்பாங்கில் நடந்ததை நம்மில் யார் மறக்க முடியும்? பள்ளி மாணவர்களுக்கான முகாமில், புதிதாகக் கட்டப்பட்டிருந்த தொங்குபாலம் அறுந்து, பிள்ளைகள் ஆற்றில் விழுந்தனர். மாணவியர் மூவர் உயிரிழந்தனர். நம் வீட்டுப் பிள்ளைகள். அதன் பிறகு 16-12-2022 விடியற்காலையில் பத்தாங் காலியில் முகாம் தளத்தின் மீது மண் சரிந்து 31 பேர் மாண்டனர். அவர்களிலும் குழந்தைகள் இருந்தனர்.

ஆனால், இந்த இரண்டு துயரங்களிலிருந்தும் நாம் கற்றுக்கொண்ட பாடம் தவறானது என்பதே என் வாதம். ‘இனி முகாமே வேண்டாம்’ என்று முடிவு கட்டினோம். கோலா டிப்பாங்கில் அறுந்தது பாலம். பத்தாங் காலியில் அந்த இடத்திற்கு முகாம் தளம் நடத்தும் உரிமமே இல்லை என்று அதிகாரிகள் பின்னர் கூறினர். இரண்டு இடங்களிலும் பெரியவர்கள் முன்னரே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இருந்தன. அந்தக் கேள்விகளைக் கேட்கப் பழகுவதற்குப் பதிலாக, பிள்ளைகளை வீட்டில் பூட்டப் பழகிக்கொண்டோம்!

பூட்டி வைத்தால் பிள்ளை பிழைத்துவிடுமா? 5 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளின் இறப்புக் காரணங்களில் நீரில் மூழ்குதல் உலக அளவில் மூன்றாவது இடத்தில் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலையும் நீர்ப் பாதுகாப்பையும் கற்பிக்க வேண்டும் என்றும் அந்நிறுவனம் வலியுறுத்துகிறது. முகாமுக்கு அனுப்பாத பிள்ளையும் ஒருநாள் நண்பர்களோடு குட்டைக்குப் போவான். உறவினரோடு கடற்கரைக்குப் போவான். அன்று அவன் உடலில் மிதவை அங்கி இருக்காது; அருகில் பயிற்றுநரும் இருக்கமாட்டார். தண்ணீரில் கண்டம் உள்ள பிள்ளைதான் எல்லாரையும்விட முதலில் நீந்தக் கற்க வேண்டியவன்!

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் எங்களையும் முகாமுக்கு அழைத்துச் சென்றார்கள். பயிற்றுநர் முதலில் துடுப்பு வலிக்கக் கற்பிக்கவில்லை. படகை வேண்டுமென்றே கவிழ்க்கச் சொன்னார். மிதவை அங்கியோடு நீரில் விழுந்து, பதறாமல் மிதந்து, படகைப் பிடித்து, நிமிர்த்தி, மீண்டும் ஏறிய பிறகுதான் துடுப்பைக் கையில் கொடுத்தார். தோட்டத்துப் பெண்ணான எனக்கு அதுவரை நீர் என்றாலே நடுக்கம். அன்று விழுந்து எழுந்ததில் பாதி அச்சம் போயிற்று. அந்த வாய்ப்பை என் மாணவர்களுக்கு ஏன் மறுக்க வேண்டும்?

மிதிவண்டியும் அப்படித்தான். நம் பாட்டன்மார் விடியுமுன் மிதிவண்டியேறிப் பால்மரம் வெட்டப் போனவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பலருக்கு இன்று மிதிவண்டி ஓட்டத் தெரியாது. மேரு சாலையில் கனவுந்துகள் ஓடும் வேகத்தில் அங்கே ஓட்டச் சொல்ல என்னாலும் முடியாது. ஆனால், அண்டையிலுள்ள ஷா ஆலாம் தேசியத் தாவரவியல் பூங்காவில் மிதிவண்டிப் பாதைகள் இருக்கின்றன. கோலா சிலாங்கூரின் கம்போங் குவாந்தானில் படகோட்டிகள் துடுப்பு வலிக்க, சிலாங்கூர் ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகள் ஒளிர்வதைக் காணலாம். அந்த மின்மினிகளைக் காண வெளிநாட்டார் வருகிறார்கள்; நம் பிள்ளைகளோ பாடநூலில் படம் பார்க்கிறார்கள்!

டியூஷனைக் காரணம் காட்டும் பெற்றோரே, யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. தேர்வு போயும் சனிக்கிழமையை மட்டும் பிள்ளையிடம் திருப்பித் தர மறுப்பது ஏன்?

ஆசிரியர்களே, நம் மீதும் குற்றமுண்டு. பள்ளி மண்டபத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து, நான்கு உரைகளைக் கேட்கச் செய்து, நிழற்படம் எடுத்து, அதற்கு ‘முகாம்’ என்று அறிக்கை எழுதுவதை நிறுத்துவோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, ஓர் ஆண்டு பொன்னாடைக்கும் மாலைக்கும் ஆகும் செலவை வசதியற்ற பிள்ளைகளின் முகாம் கட்டணத்திற்குக் கொடுங்கள். எந்தப் பிரமுகரும் குளிரில் நடுங்கிவிட மாட்டார்!

பெற்றோர்களே, கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிடச் சொல்லவில்லை. கேளுங்கள்! முகாம் தளத்திற்கு உரிமம் உண்டா? ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவான மிதவை அங்கி உண்டா? தகுதிபெற்ற பயிற்றுநர் எத்தனை பேர்? மழை பெய்து ஆறு பெருகினால் நிகழ்ச்சியை நிறுத்த முடிவெடுப்பவர் யார்? பெண்பிள்ளைகளோடு இரவில் தங்கும் ஆசிரியைகள் யார்? விடை சொல்ல முடியாத ஆசிரியரை நம்பிப் பிள்ளையை அனுப்பாதீர்கள். அவர் நானாகவே இருந்தாலும்! விடை சரியாக இருந்தால் மட்டும் அனுப்புங்கள்.

மீதமுள்ள 29 கடிதங்களை மீண்டும் கொடுத்தனுப்பப் போகிறேன். இம்முறை மேற்சொன்ன கேள்விகளுக்கான விடைகளையும் இணைத்திருக்கிறேன். தண்ணீரில் கண்டம் உள்ள அந்தப் பையனின் வீட்டிற்கு மட்டும் நானே நேரில் செல்லவிருக்கிறேன்.