மாலை கழற்றிய மறுநாள் சாமி, ஆசாமி!

கார்த்திகை முதல் தேதி. பெட்டிக்கடையில் கடன் சொல்லி பீடி வாங்கியவர் கழுத்தில் துளசி மாலை! விடிகாலை 4 மணிக்கு குழாயடியில் பச்சைத் தண்ணிக் குளியல். வாயில் பீடி இல்லை. பையில் பாட்டில் இல்லை. வீட்டுக்காரம்மா முகத்தில் சிரிப்பு.

41 நாள் விரதம் முடிகிறது. மலைக்குப் போய் வருகிறார். மாலையைக் கழற்றுகிறார். அன்று சாயங்காலமே கால் தானாகக் கடைப்பக்கம் திரும்புகிறது. மறுநாள் விடிந்தால், சாமி பழைய ஆசாமி!

தெருவுக்குத் தெரு நடக்கிற கூத்து இது. ஜனவரி முதல் தேதி புது ஷூ வாங்கி, "ஒரு மாதம் வாக்கிங்" என்று கிளம்புகிற ஆபீஸ்காரர்களும் இதே ரகம்தான்.

ஏன் இப்படி? லண்டனில் இதை ஆராய்ந்தே பார்த்துவிட்டார்கள். யூனிவர்சிட்டி காலேஜ்காரர்கள் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2010-ல் வெளியானது. பழம் தின்பது, நடப்பது போன்ற நல்ல பழக்கம் யோசிக்காமலே நடக்கும் அளவுக்கு ஊறிப்போக சராசரி 66 நாள் பிடித்ததாம். 30 நாளில் நிறுத்தினால் அரை வேக்காடுதான்!

நடுவில் ஒருநாள் தவறினால் குடி முழுகிவிடாது என்றும் அதே ஆய்வு சொல்கிறது.

ஆகவே, கழற்ற வேண்டியது மாலையை மட்டும்தான். விடிகாலைக் குளியலை அல்ல. 4 மணிக்கு எழ வேண்டியவர் ராத்திரி 10 மணிக்கு கடை வாசலில் நிற்பாரா?

41 நாள் முடிந்தவருக்கு 42-வது நாள் முடியாதா, என்ன?